சேற்றில் ஓடிய கடல் இயந்திரம்

நீங்கள் வேலைக்குச் சேர்ந்த அன்றே உங்களில் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "மிஸ், ஹட்டன்ல எந்தப் பக்கம் திரும்பினாலும் மலைதான் தெரியுது. கடல் தண்ணி மெஷினை இங்க வச்சு ஏன் செய்றோம்?"

நல்ல கேள்வி. சிரித்துவிட்டுப் போய்விட்டேன். ஓய்வு பெற்ற ஒருத்தியை முதலாளி கூப்பிட்டு, "புதுப் பிள்ளைகளோட கொஞ்சம் பேசுங்க மிஸ்" என்று நாற்காலி போட்டு உட்கார வைத்திருப்பதால், இன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறேன்.

நான் வேலை பழகியது உடனடித் தேயிலைத் தூள் செய்யும் ஒரு தொழிற்சாலையில். தேயிலைச் சாற்றிலிருந்து தண்ணீரைப் பிரித்தெடுத்து அதைக் கெட்டியாக்க வேண்டும். கொதிக்க வைத்தால் மணம் போய்விடும். அதனால் மெம்பிரேன் வழியே அழுத்தித் தண்ணீரை மட்டும் வெளியே எடுப்போம். பாடப்புத்தகம் அதை மென்சவ்வு என்று சொல்லும். தேயிலைச் சாறு மெம்பிரேனில் ஒட்டிக்கொள்வதைப் போல வேறெதுவும் ஒட்டாது. அதைக் கழுவிக் கழுவியே எங்களுக்குத் தொழில் படிந்தது. அந்தத் தொழிற்சாலைக்குப் பம்பும் குழாயும் கொடுத்துக்கொண்டிருந்தவர்தான் நம் முதலாளி. ஹட்டன் கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். எங்கள் கழுவல் வேலையைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "தேயிலைச் சாயத்தையே வெல்லத் தெரிஞ்ச ஆக்களுக்குக் கடல் என்ன பெரிசா மிஸ்? வாங்க, செஞ்சு பாப்பம்." இந்தப் பட்டறை பிறந்த கதை அவ்வளவுதான்.

எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, மன்னார்ப் பக்கத்தில் ஒரு கரையோரக் கிராமத்துக்கு. அங்கே கிணற்றுத் தண்ணீர் உவர்த்து, அழுக்கேறிக் குடிக்கத் தகாததாகிவிட்டது. முன்பு யாரோ ஒரு கடல்நீர் இயந்திரத்தை வைத்துக் கொடுத்திருந்தார்கள். அது மின்சாரத்தைத் தின்றது. மாதாமாதம் இரசாயனம் ஊற்றிக் கழுவ வேண்டியிருந்தது. ஊர்ச் சங்கத்தால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. இயந்திரம் துருப்பிடித்துக் கிடந்தது. அந்தச் சங்கத்தின் தலைவி பிலோமினா அக்கா. கருவாடு காயப்போடும் தொழில் செய்பவர். எங்களிடம் அவர் கேட்டது ஒன்றைத்தான்: "மெசின் தாறது பெரிசில்ல. நாங்களே ஓட்டிக்கொள்ள ஏலுமான மெசினா தருவீங்களோ?"

இயந்திரத்தை வடிவமைத்தவர் பிரதீபன். கொட்டகலைப் பிள்ளை, பல்கலைக்கழகம் முடித்து நேராக எங்களிடம் வந்தவர். அவர் யோசனை இப்படி. எலுமிச்சங்காயை வெட்டி உப்புப் போட்டு ஜாடியில் வைத்தால், மறுநாள் காய் சுருங்கித் தண்ணீர் விட்டிருக்கும். யாரும் பிழியவில்லை, உப்புத்தான் இழுத்தது. அதே மாதிரி மெம்பிரேனுக்கு ஒரு பக்கம் கடல் நீரையும் மறுபக்கம் அந்த ஊர்க் கிணற்றின் அழுக்குத் தண்ணீரையும் ஓடவிட்டால், கடல் நீரின் உப்பு கிணற்று நீரிலிருந்து தண்ணீரை மட்டும் தானாக இழுத்துக்கொள்ளும். அழுக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். கடல் நீர் நீர்த்துப் போகும். நீர்த்துப்போன கடல் நீரை இரண்டாவது மெம்பிரேன் வழியாகப் பம்பு வைத்து அழுத்தும்போது பாதி பலம் போதும். மின்சாரமும் அந்த அளவுக்குக் குறையும். முன்னே இழுக்கும் மெம்பிரேன் ஒன்று, பின்னே அழுத்தும் மெம்பிரேன் ஒன்று. இதுதான் நீங்கள் தினமும் பூட்டுகிற இயந்திரம்.

செய்துவிட்டோம். ஓட்டிப் பார்க்க இடம் வேண்டும். வட்டவளைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் மூடிக் கிடந்த பழைய தேயிலைத் தொழிற்சாலை கிடைத்தது. பெரிய தொட்டிகள், உறுதியான தளம், பக்கத்திலேயே ஓடை. கடல் நீரைப் பவுசர் என்கிற தண்ணீர் லொறியில் மலைக்கு ஏற்றிக் கொண்டுவந்தோம். கொழுந்து எடுக்கப் போன பெண்கள் கூடையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். பேச்சியம்மா என்ற பெண் தொட்டியில் விரலை விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "அடியே, நெசமாவே உப்புடி! கடலையே தூக்கியாந்துட்டாங்கடி!" என்று கத்தினார். அன்றைக்குத் தோட்டம் முழுக்க அதே பேச்சு.

சோதனை நன்றாகவே முடிந்தது. இயந்திரத்தை மன்னாருக்கு ஏற்றிப்போக லொறி வருவதாக இருந்தது. அதற்கு முன் மழை வந்தது.

மலையில் மழை நமக்குப் புதிதில்லை. ஆனால் அந்த மழை வேறு மாதிரி. விடாமல் கொட்டி, மண்ணை ஊறவைத்து, மலையையே இறக்கிவிட்டது. பக்கத்துத் தோட்டங்களில் உயிர்கள் போயின. எங்கள் பக்கம் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் ஒரு வரிசை சரிந்தது. அதற்கு முன்பே சனம் வெளியேறிவிட்டதால் தப்பினார்கள். எல்லாரும் பழைய தொழிற்சாலையின் மேல்மாடிக்கு, முன்பு கொழுந்து வாட்டிய இடத்துக்கு, பாய் தலையணையோடு வந்து சேர்ந்தார்கள். நானும் பிரதீபனும் கீழே இயந்திரத்தோடு மாட்டிக்கொண்டோம். பாதை இரண்டு பக்கமும் அடைபட்டுவிட்டது.

மழை விட்டு வெயில் தலைகாட்டிய காலையில் தோட்டத்து மருத்துவமாது செல்வராணி மிஸ் படியிறங்கி வந்தார். முழங்கால் வரை சேறு.

"அக்கா, பீலி போயிருச்சு" என்றார்.

மலையூற்றிலிருந்து குழாயில் இறங்கி வந்து விழும் பீலிதான் அந்த லயங்களுக்கு ஒரே குடிநீர். ஊற்றோடு சேர்த்து மண் மூடிவிட்டது.

"ஓடைத் தண்ணியைக் கொதிக்க வச்சா?" என்று பிரதீபன் கேட்டார்.

"உர ஸ்டோர் அப்படியே சரிஞ்சு ஓடையில கெடக்கு. கக்கூஸ் குழியும் ஒடஞ்சு கலந்திருச்சு. கிருமி செத்தாலும் உரம் சாகுமா? மேல கைப்புள்ளைங்களோட தாய்மாருங்க இருக்காங்க. புடிச்சு வச்ச மழைத் தண்ணி மத்தியானத்தோட முடிஞ்சிரும்." பிறகு இயந்திரத்தைப் பார்த்தார். "இது கடல் தண்ணியையே நல்ல தண்ணி ஆக்கும்னு சொன்னீங்களே?"

நானும் பிரதீபனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருவருக்கும் ஒரே நினைப்புத்தான். ஓடைத் தண்ணீரைக் கிணற்றுத் தண்ணீரின் இடத்தில் விடலாம். தொட்டியில் மிஞ்சியிருக்கும் கடல் நீர் அதிலிருந்து தண்ணீரை இழுக்கும். பின் பம்பு அதைப் பிரித்தெடுக்கும். உப்பு உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். கணக்குப்படி ஓடும்.

ஆனால் பிரதீபன் தலையசைத்தார். "அக்கா, முன் மெம்பிரேன் கப்பல்ல வந்த சாமான். போச்சுன்னா அடுத்தது வர மாசக்கணக்காகும். இது சாதாரண அழுக்கு இல்ல, மலைக் களிமண். உள்ள போய் அடைச்சிருச்சுன்னா இங்கயும் தண்ணி இல்ல, அங்கயும் தண்ணி இல்ல. அந்த ஊர்ச்சனமும் இதை நம்பித்தானே இருக்காங்க?"

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. அதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நெருக்கடியில் எதிர்த்துப் பேசுகிறவர் எப்போதும் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். கண் முன்னே இல்லாத சனத்துக்காகவும் யாராவது ஒருவர் பேசத்தான் வேண்டும்.

"இது நம்ம மெஷின் இல்ல பிரதீபன்" என்றேன். "அவங்க மெஷின். அவங்ககிட்டயே கேட்டுருவோம்."

மேலே தேயிலை மலையின் உச்சிக்குப் போனால்தான் தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும். வழுக்கி விழுந்து, செடிகளைப் பிடித்துக்கொண்டு ஏறினோம். பிலோமினா அக்கா எடுத்தார். நான் எதையும் பூசி மெழுகவில்லை. நிலைமையைச் சொன்னேன். இயந்திரம் பழுதாகலாம் என்றேன். பழுதானால் உங்கள் தண்ணீர் வெகுகாலம் தள்ளிப் போகும் என்பதையும் சொன்னேன்.

கடற்காற்றின் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி அவர் கேட்டார்: "அங்க கைப்பிள்ளையள் இருக்கினமோ?"

"இருக்காங்க அக்கா."

"பிறகேன் என்னட்டக் கேட்டுக்கொண்டு நிக்கிறியள்? ஓட்டுங்கோ. தண்ணியில்லாமக் கிடக்கிறது என்னெண்டு எங்களுக்குத் தெரியாதோ? பழுதாப்போனா திருத்தித் தாறது உங்கட பொறுப்பு. சரிதானே?"

"சரிக்கா" என்றேன்.

அடுத்து முதலாளிக்கு அழைத்தேன். "ஜெனரேட்டர் அங்க ஈக்கிது தானே மிஸ், தொடங்குங்க. டீசல நான் அனுப்புறன். றோட்டு இல்லாட்டி ரெயில் பாதை ஈக்கிது" என்றார். சொன்னபடியே, ஹட்டனிலிருந்து அவருடைய ஆட்கள் தண்டவாளம் வழியாகவே கேன்களைத் தோளில் சுமந்து நடந்து வந்தார்கள். மண்மேடு கண்ட இடத்தில் ஏறி இறங்கினார்கள். ஒருவர் முகத்திலும் சலிப்பு இல்லை.

ஓடைத் தண்ணீரை வாளி வாளியாகப் பழைய தொட்டியில் ஊற்றித் தெளிய விட்டோம். நாலாக மடித்த சேலைகளில் வடித்தோம். அப்படியும் அது பால் தேத்தண்ணியின் நிறத்தில்தான் இருந்தது. அதற்கு மேல் களிமண் படியாது. இயந்திரத்தை ஓட்டத் தயாரானபோதுதான் முதல் ஆபத்து வந்தது. அதுவும் நல்ல மனதோடு வந்தது.

செல்வராணி மிஸ் குளோரின் வில்லைகள் உள்ள போத்தலைத் திறந்து, சேற்றுத் தொட்டியின் மேல் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"மிஸ்! அங்க வேணாம்!" என்று நான் போட்ட கூச்சலில் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்த தோட்டத்து ஆளே திரும்பிப் பார்த்தார்.

பாவம், அவர் திகைத்துவிட்டார். "இது மருந்துதானே அக்கா? தண்ணியைச் சுத்தமாக்குறதுதானே?"

"மனுசருக்கு மருந்து மிஸ். மெம்பிரேனுக்கு நஞ்சு. குளோரின் பட்டுச்சுன்னா கரையான் தின்ன கடுதாசி மாதிரி ஆயிரும். நல்ல தண்ணி குடத்துல மேல போகும்ல, படியேறுற இடத்துல நின்னு குடத்துல போடுங்க. அங்க கட்டாயம் போடுங்க."

அவர் போத்தலை மூடிக்கொண்டு படிக்கட்டடியில் போய் நின்றார். அங்கிருந்து அவரை யாரும் அசைக்க முடியவில்லை. அந்தப் படிக்கட்டு அவர் காவலுக்குள் வந்துவிட்டது. இந்தத் தொழிலில் எது நல்லது, எது கெட்டது என்று பொதுவாகச் சொல்ல முடியாது, பிள்ளைகளே. எந்த இடத்தில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பம்பு ஓடத் தொடங்கியது. முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு குழாயின் வாயில் ஒரு சொட்டு. அது நூலானது, நூல் விரல் பருமனானது. உப்பை அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்தோம். முள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. பிரதீபனும் நானும் குடித்துப் பார்த்த பிறகு முதல் பாத்திரம் கைக்குழந்தைகளின் தாய்மாருக்கு மேலே போனது. பிறகு குடங்கள் வரிசையாக வந்தன. மேல்மாடியில் யாரோ கைதட்டினார்கள். தட்டல் படிக்கட்டு முழுக்க இறங்கி வந்தது.

வெயில் சாயத் தொடங்கியபோது குழாயின் நீர் இளைக்கத் தொடங்கியது. விரல் பருமன் மறுபடி நூலானது. களிமண் முன் மெம்பிரேனில் படிந்துவிட்டது. வரிசையில் இன்னும் பாதிப் பேருக்கு மேல் நின்றார்கள்.

இப்போது உங்களில் யாராக இருந்தாலும் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். பம்பின் அழுத்தத்தைக் கூட்டப் போகும். கூட்டினால் கொஞ்ச நேரம் நன்றாகவே வரும். அதற்குள் மண் இறுகி, மெம்பிரேனோடு ஒட்டி, பிறகு எந்தக் கழுவலுக்கும் அசையாது. தேயிலைத் தொழிற்சாலையில் என் கண் முன்னே அப்படிச் செத்த மெம்பிரேன்களை நான் தூக்கிப்போட்டிருக்கிறேன்.

நான் பம்பை நிறுத்தினேன்.

தாகத்தோடு நிற்கிற சனத்தின் முன்னால் தண்ணீரை நிறுத்துவது எப்படி இருக்கும் என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. ஒரே கூச்சல். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர், நல்ல உயரமான மனிதர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"என்னங்க மிஸ், வெளையாடுறீங்களா? தண்ணிதான் வருதே! கொஞ்சமா வந்தாலும் வரட்டுமே! எதுக்கு நிப்பாட்டுனீங்க?"

நான் சொல்ல வேண்டியிருந்தது அதைவிட மோசம். "தலைவரே, நிப்பாட்டுனது மட்டுமில்ல. இப்ப சேந்திருக்கிற, குளோரின் போடாத நல்ல தண்ணியும் எனக்கு வேணும். மெஷினைக் கழுவணும்."

"குடிக்கிற தண்ணியில மெஷினக் கழுவுறதா?"

பிரதீபன் முன்னால் வந்தார். இயந்திரம் பழுதாகும் என்று காலையில் அஞ்சியவர் அவர்தான். இப்போது அவர் குரலில் நடுக்கமே இல்லை. "இதுவரைக்கும் உப்புத் தண்ணி அந்தப் பக்கத்துலயிருந்து நல்ல தண்ணியை இழுத்துச்சு. சேறு இந்தப் பக்கம் படிஞ்சிருச்சு. இப்ப மாத்திப் போடப்போறோம். சேறு இருக்கிற பக்கம் உப்புத் தண்ணி, அந்தப் பக்கம் நல்ல தண்ணி. உப்பு இந்தப் பக்கத்துக்கு இழுக்கும். தண்ணி பின்னாலயிருந்து வந்து சேத்தைத் தூக்கி எறிஞ்சிரும். கழுவலன்னா இன்னிக்கோட முடிஞ்சிது. கழுவினா நாளைக்கும் வரும்."

தலைவர் அவர் முகத்தையே பார்த்தார். "சரியா வருமா தம்பி?"

"தேயிலைக் கழிவுல செஞ்சு பார்த்திருக்கோம். வந்திச்சு. களிமண்ணுல செஞ்சதில்ல."

அந்த நேர்மைதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். "கட்டாயம் வரும்" என்று சொல்லியிருந்தால் தலைவர் நம்பியிருக்க மாட்டார்.

அப்போது வரிசையின் முன்னால் நின்ற பேச்சியம்மா, சற்று முன் நிரப்பிய தன் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினார். கழுவும் தொட்டியருகே வந்து குடத்தைக் கவிழ்த்தார். நல்ல தண்ணீர் வெயிலில் பளபளத்து விழுந்தது. அவருக்குப் பின்னால் இன்னொரு பெண் வந்தார். பிறகு ஒரு கிழவர் கையிலிருந்த செம்பை ஊற்றினார். தலைவர் கையை உயர்த்திச் சொன்னார்: "புள்ளைக்காரங்க தண்ணிய வச்சுக்கங்க. மருந்து போடாத தண்ணி வச்சிருக்கிற மத்த எல்லாரும் ஊத்துங்க."

பக்கங்களை மாற்றினோம். வால்வுகளைத் திறந்துவிட்டுக் காத்திருந்தோம். வெளியேற்றும் குழாயில் முதலில் வெறும் கலங்கல். பிரதீபன் குழாயின் வாயருகே குனிந்து நின்றார்.

"அக்கா" என்றார் மெல்ல. "வருது."

வந்தது. தடித்த ஆடை உரிவது போலச் செம்மண் துண்டு துண்டாகக் கழன்று விழுந்தது. விழ விழ நீரின் நிறம் மாறியது. குழாய் கடைசியில் தெளிந்தது. பழையபடி பூட்டிப் பம்பை ஓட்டினோம். நூல் வந்தது, விரல் பருமனானது, பிறகு முதலில் வந்ததைப் போலவே முழுதாகக் கொட்டியது. பேச்சியம்மா குடத்தை வைத்தார். அது விளிம்பு வரை நிரம்பியது. சனம் போட்ட ஆரவாரத்தில் அந்தத் தொழிற்சாலைக் கூரையே அதிர்ந்தது. தலைவர் பிரதீபனை அப்படியே இடுப்போடு தூக்கிவிட்டார்.

பாதை திறந்து தண்ணீர்ப் பவுசர் வரும்வரை இயந்திரம் நிற்கவில்லை. நீர் இளைக்கும்போதெல்லாம் நிறுத்துவோம், மாற்றுவோம், கழுவுவோம். பிறகு நாங்கள் சொல்லாமலேயே சனம் குளோரின் போடாத குடத்தோடு வந்து ஊற்றிவிட்டுப் போனது. மேல்மாடியிலிருந்த கைக்குழந்தைகளில் ஒன்றுக்கும் வயிற்றோட்டம் வரவில்லை என்று செல்வராணி மிஸ் பிற்பாடு ஒவ்வொரு பேராகச் சொல்லி மகிழ்ந்தார்.

இயந்திரத்தைப் பட்டறைக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தோம். வடிகட்டிகள் போய்விட்டன. மெம்பிரேன் இரண்டும் நலம். பிரதீபன் அன்றே உட்கார்ந்து வரைபடத்தைத் திருத்தத் தொடங்கினார். பக்கம் மாற்றிக் கழுவுவதைக் கைவேலையாக விடாமல், இயந்திரம் தானாகவே செய்யும்படி வைத்தார். இரசாயனம் வேண்டாம், கழுவத் தெரிந்த ஆள் வெளியூரிலிருந்து வர வேண்டாம். பிலோமினா அக்கா கேட்டாரே, நாங்களே ஓட்டிக்கொள்ள ஏலுமா என்று, அந்தக் கேள்விக்கு முழுப் பதில் அந்தச் சேற்றில்தான் எங்களுக்குக் கிடைத்தது. இன்று நீங்கள் எந்த இயந்திரத்தைத் திறந்தாலும் அந்த வால்வுத் தொகுதி இருக்கும். அது அங்கே ஏன் இருக்கிறது என்று இனி உங்களுக்குத் தெரியும்.

மன்னார்ப் பக்கம் இயந்திரம் தொடங்கிய நாளில் தோட்டத்திலிருந்து ஒரு பஸ் பிடித்துச் சனம் வந்தது. தலைவர், செல்வராணி மிஸ், பேச்சியம்மா, இன்னும் பலர். பலர் கடலைப் பார்ப்பதே அதுதான் முதல் தடவை. பேச்சியம்மா தன் கையால் கொழுந்து எடுத்த தோட்டத்துத் தேயிலைத் தூளை ஒரு பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருந்தார். குழாயில் விழுந்த முதல் தண்ணீரை அங்கேயே அடுப்பு மூட்டிக் கொதிக்க வைத்துத் தேத்தண்ணி போட்டார்.

பிலோமினா அக்கா முதலில் தயங்கினார். "எங்கட ஊர்த் தேத்தண்ணியில எவ்வளவு சீனி போட்டாலும் உப்புத்தான் முன்னுக்கு நிக்கும் பிள்ளை. எனக்கு அதுதான் பழக்கம்."

"குடிச்சுப் பாருங்கக்கா" என்றார் பேச்சியம்மா.

அவர் ஒரு வாய் உறிஞ்சினார். கடலைப் பார்த்தார். மறுபடி உறிஞ்சினார். சங்கத்துப் பெண்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவரோ நின்ற நிலையிலேயே கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தார். பிறகு புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, வெறும் கோப்பையைப் பேச்சியம்மாவிடம் நீட்டினார்.

"இன்னொண்டு ஊத்துங்கோ."